தங்கையின் லேப்டாப்புக்கு ஒரு தமிழ்க் குரல்

என் தங்கைக்குப் பார்வை மங்கத் தொடங்கிய பிறகு, கோவிலம்பாக்கத்தில் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுச் செய்வேன். அவளுக்கு அது பிடிக்காது. "நீ உட்காருக்கா, டீ நானே போடறேன்" என்பாள்.

அவளிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. வழக்கமான இயங்குதளம் அதில் திணறியதால், ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து எழுதிய இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டிருந்தாள். நன்றாக ஓடியது. ஆனால் தமிழைப் படித்துக் காட்ட அதில் எதுவும் இல்லை. அந்த வேலையைச் செய்யும் திறமூல நிரல் நூலகம் ஒன்றை, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பை, நான் அலுவலகத்தில் பயன்படுத்தியிருந்தேன். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். தங்கையின் இயங்குதளத்திலும் ஓட வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எழுத்தை ஒலியாக்கும் பகுதி அப்படியே வந்துவிட்டது. ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பகுதியைத்தான் புதிதாக எழுத வேண்டியிருந்தது. பெருங்களத்தூரில் என் ஃபிளாட்டில் உட்கார்ந்து வார இறுதிகளில் எழுதினேன். முதல்முறை அவள் லேப்டாப்பில் ஓட்டியபோது, செய்தி கீச்சுக் குரலில் பறந்தது.

"என்னக்கா இது, அணில் நியூஸ் வாசிக்குது!"

ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தோம். அந்த இயங்குதளம் ஒலியை இரண்டு மடங்கு வேகத்தில் எடுத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து, நூலகத்திலேயே சேர்த்துக்கொள்ளும்படி அதைப் பராமரிப்பவருக்கு அனுப்பினேன்.

மரியாதையாகத்தான் பதில் எழுதியிருந்தார். வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் எங்களில் யாரிடமும் இந்த இயங்குதளம் இல்லை, நாளை இது உடைந்தால் யார் பார்ப்பது என்று கேட்டிருந்தார்.

முதலில் கோபம் வந்தது. பிறகு அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. எழுதுவது சில வார இறுதிகளின் வேலை. பார்த்துக்கொள்வது வருடக்கணக்கான வேலை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தங்கையிடம் சொன்னேன்.

"ஒவ்வொரு வெர்ஷன் வரும்போதும் நான் ஓட்டிப் பார்த்துச் சொல்றேன். என் பேரைப் போடு" என்றாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"கேக்கறதுதானே வேலை? நாள் முழுக்க அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்."

இதெல்லாம் அவளுக்காக என்றே நினைத்திருந்த எனக்கு, அவளையே கேட்கலாம் என்று தோன்றியிருக்கவில்லை.

அப்படியே எழுதி அனுப்பினேன்; நூலகக் குழுவினர் ஏற்றுக்கொண்டார்கள். சோதிப்பவர் என்ற இடத்தில் அவள் பெயர் ஏறியது. அடுத்த வெர்ஷன் வந்ததும் போன் செய்தாள்.

"வாக்கியத்தோட கடைசி எழுத்தை முழுங்குதுக்கா. வந்தானா, வந்தாளான்னே தெரியல."

பராமரிப்பவருக்கு அவளே எழுதினாள். நிரலைத் திருத்தியது மட்டும்தான் நான்.

போன மாதம், அதே இயங்குதளம் வைத்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு ஒரு சந்தேகம் அனுப்பியிருந்தார். தங்கையிடம் கேட்டுச் சொல்லலாம் என்று அவளைக் கூப்பிட்டேன்.

"அவரா? எனக்கும் அனுப்பியிருந்தாரு. காலையிலயே பதில் போட்டுட்டேனே" என்றாள்.