கறிவேப்பிலைப் புழு

தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு பச்சைப் புழுவைப் பிடித்து நசுக்கினேன். அது சிவப்புக் கொம்பை நீட்டி, அழுகிய எலுமிச்சை போல நாறியது. அந்த நாற்றம் என்னை நான் வளர்ந்த, மூவார் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

அங்கே அம்மாவும் ஒரு செடி வைத்திருந்தாள். விடிகாலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அம்மா பேர் கொடுக்கப் போகுமுன், நாங்கள் இருவரும் புழு பொறுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய டின்னில் போடுவோம். ஒரு வருஷம் வாசலில் வண்ணத்துப்பூச்சியே இல்லை. அம்மாவின் சந்தேகம் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் மகள் பாக்கியத்தின் மேல் விழுந்தது.

"எல்லாத்தையும் அவதான் புடிச்சிக் கொல்றா. நாளைக்கு நம்ம கோழிக்குஞ்சு மேல கை வைப்பா" என்று லயம் முழுக்கச் சொன்னாள்.

அஞ்சலை அக்கா பொறுக்க மாட்டாமல் மகளை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்து வந்தாள். கற்பூரம் ஏற்றி, "புடிக்கலன்னு அணைச்சு சத்தியம் பண்ணுடி" என்றாள். பாக்கியம் அழுதுகொண்டே உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். கை கொப்பளித்தது. அம்மா அப்போதும் நம்பவில்லை.

அடுத்த மாதம், விளையாட்டாக ஒரு புழுவை இலை போட்டு வளர்த்தேன். அது கூடு கட்டி, ஒரு காலையில் கருப்புச் சிறகு விரித்துப் பறந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

"அம்மா, நம்ம வீட்டுத் தோட்டத்துக்கு இப்பல்லாம் வண்ணத்துப்பூச்சியே வர்றதில்லயே, ஏன்?" என்று இப்போது என் மகள் பின்னாலிருந்து கேட்டாள்.

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"பின்வீட்டுப் பய புடிக்கிறான் போல" என்றேன்.