பிரெஞ்சில் ஓர் அப்பா

என் அண்ணன் மகளின் பிரெஞ்சை யாராவது பாராட்டிவிட்டால், அவள் உடனே கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிடுவாள். பையில் தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. இன்றைக்கு அவளுக்கு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை, தனி மேசை, சுழல் நாற்காலி. வெளிநாட்டுக்காரர் வாயைத் திறந்து மூடுவதற்குள் இவள் தமிழில் சொல்லி முடித்திருப்பாள். ஆனால் "எங்க கத்துக்கிட்டீங்கம்மா இவ்வளவு அழகா?" என்று ஒருவர் கேட்டால் போதும், முகம் தொங்கிப்போகும். அடக்கமான பெண் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமாவது ஒன்றாவது! அது வெட்கம். "யாருக்கு வேணா சொல்லிக்கோ அத்தை, அப்பா காதுக்கு மட்டும் போயிடக் கூடாது" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் அண்ணனுக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்; பாப்பா தவழ்கிற வயதில் அவள் அம்மா இறந்துபோனாள். நான் சட்டைக் கம்பெனியில் பட்டன் தைப்பவள். கல்யாணம், கில்யாணம் என்று எதிலும் மாட்டிக்கொள்ளாதவள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன், அப்படியே தங்கிவிட்டேன். ஒன்றரை அறை வீடு. அரை அறைக்குத் திரைதான் கதவு.

அண்ணன் பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்கிறார். வாசலில் மேசை போட்டுக் காசு வாங்க வேண்டும், கூட்டம் குறைந்ததும் குழாயை மாட்டி உள்ளே கழுவிவிட வேண்டும், பினாயில் ஊற்ற வேண்டும், எந்தப் புண்ணியவானாவது பிடுங்கிப் போட்ட தாழ்ப்பாளைத் திரும்ப முடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளிப்பார். எத்தனை சோப்புப் போட்டாலும் பினாயில் வாசனை விரல்களை விட்டுப் போகாது. அந்த வேலையில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. "என் இடத்துல மூக்கப் பொத்திக்கிட்டு உள்ள போனவன் எவனும் இல்ல" என்று பெருமையாகவே சொல்வார். கம்பெனியில் யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் நான் "பஸ் ஸ்டாண்டுல வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு நாக்கு அவ்வளவுதான்.

பாப்பா கல்லூரியில் பிரெஞ்சு எடுத்ததற்கு ஆசை, லட்சியம் என்று காரணம் எதுவும் இல்லை. மற்ற பிரிவுகளில் இடம் நிரம்பிவிட்டது, அதில் இருந்தது. "எந்த மொழியா இருந்தா என்னம்மா, அவங்களும் மனுசங்கதான பேசறாங்க" என்று அண்ணன் சேர்த்துவிட்டார்.

முதல் மாதம் வீட்டில் ஒரே கூத்து. சாப்பிடக் கூப்பிட்டால் பிரெஞ்சில் பதில். அப்பாவுக்கு "மோன் பெர்" என்று சொல்ல வேண்டுமாம். 'என் அப்பா' என்று அர்த்தம். அண்ணன் குளித்துவிட்டு வந்ததும் "மோன் பெர் வந்தாச்சு" என்பாள். அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார்.

அந்த மாதக் கடைசியில்தான் அது நடந்தது. பாடப் புத்தகத்தில் குடும்பத்தைப் பற்றிப் பேசும் பாடம். ஒரு பக்கம் முழுக்கப் படங்கள்: டாக்டர், ரொட்டி சுடுபவர், தபால்காரர், ஆசிரியர், கட்டடத்துக்கு வரைபடம் போடும் ஆர்க்கிடெக்ட். ஒவ்வொருவரும் எழுந்து அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொல்ல வேண்டும். அந்த வகுப்பில் பிரெஞ்சைத் தவிர எதுவும் பேசக் கூடாது, எத்தனை தப்பாக இருந்தாலும் சரி. ஆசிரியை அதில் கறார். எல்லோரும் அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிட வேண்டும். வட்டிக்கடை வைத்திருப்பவர் மகனுக்கு அந்தப் பக்கத்தில் படம் இல்லை. "கிட்டத்தில் வருவதாக ஒன்றைச் சொல்லு" என்று மதாம் சைகை காட்ட, அவன் ரொட்டிக்காரன் என்றான். லாரி ஓட்டுபவர் மகளும் அதையே சொன்னாள். அந்த வருடம் அந்த வகுப்பில் பாதிப்பேரின் அப்பாக்கள் ரொட்டி சுட்டார்கள். பாப்பாவின் முறை வந்தது. "மோன் பெர் எ ஆர்ஷிதெக்த்" என்றாள்.

அவளும் ரொட்டிக்காரன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அது விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆர்க்கிடெக்டை எல்லோரும் நம்பிவிட்டார்கள். மதாம் புருவத்தை உயர்த்தி, பலே என்று தலையை ஆட்டினாராம். அந்தத் தலையாட்டல் இவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

போகப் போக மற்றவர்களுக்குச் சொற்கள் சேர்ந்தன. ரொட்டிக்காரன் வட்டிக்கடைக்குத் திரும்பினான், லாரி லாரியானது, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இவள் மட்டும் மாற்றவில்லை. அடுத்த படியில் நேற்று நடந்ததைச் சொல்லப் பழகும்போது, அப்பா நேற்று ஒரு நூலகம் கட்டி முடித்தார். நாளைக்கு நடக்கப் போவதைச் சொல்லப் பழகும்போது, அப்பா எங்களுக்குப் பெரிய ஜன்னல் வைத்த வீடு கட்டித் தரப் போகிறார். பொய் சொன்னால் போதுமா, தாங்கிப் பிடிக்க வேண்டாமா? தூண், உத்திரம், வளைவு, மாடிப்படி என்று அகராதியில் தேடித் தேடிப் படித்தாள். கட்டடக் கலை பற்றிய பிரெஞ்சுப் புத்தகங்களைக் கல்லூரி நூலகத்தில் இவளைத் தவிர யாரும் தொட்டதில்லை. மேல் வகுப்புக்குப் போனபோது நகரங்களைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைக்குத்தான் முதலிடம். எல்லாப் பிள்ளைகளையும் தாண்டிப் போய்விட்டாள். "உன் அப்பாவிடமிருந்து வந்த ஞானம்" என்று மதாம் வகுப்பிலேயே சொன்னாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள். நானும் நம்பி மாத்திரை கொடுத்தேன்.

அப்பா செய்யும் வேலைக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வார்கள் என்று மட்டும் அவள் ஒரு நாளும் அகராதியைப் புரட்டியதில்லை.

இரண்டாம் வருடம் கூடப் படிக்கும் பெண்களோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அதில் ஒருத்திக்கு அவசரம். இவளையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே. மேசையில் அண்ணன். தூரத்திலேயே மகளைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் சட்டென்று குனிந்து காசுத் தட்டில் எதையோ சரிசெய்ய ஆரம்பித்தார். தோழி காசு போட்டாள். இவளும் போட்டாள். அண்ணன் நிமிராமலே வாங்கிக்கொண்டு, "வலது பக்கம் போங்க, ஈரமா இருக்கு, பாத்து" என்றார். வாங்க, போங்க என்று. பெற்ற அப்பாவிடம் காசு கொடுத்து உள்ளே போனவள் என் மருமகள். இதை ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னபோது, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அறைந்திருப்பேன். ஆனால் அழுகிற முகத்தில் எங்கே அறைவது?

கடைசிப் படிக்கு வந்தாகிவிட்டது. அந்தக் கல்லூரியில் இறுதி வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாணவர் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வர வேண்டும். மதாம் அவரிடம் பிரெஞ்சில் கேட்பார், வீட்டு ஆள் தமிழில் பதில் சொல்வார், நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பதுதான் தேர்வு. மதாம் இவளிடம் முன்கூட்டியே, "உன் அப்பாவைப் பார்க்கக் காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பாப்பா அன்றைக்குச் சாயங்காலமே என்னிடம் வந்து, "அத்தை, நீ வா. அப்பாக்கு லீவு கிடைக்காது" என்றாள். எனக்கு உள்விவகாரம் எதுவும் தெரியாது. கம்பெனியில் விடுப்புக் கேட்டேன்.

அன்றைக்குக் காலையில் அண்ணன், "நானும் வரட்டுமா பாப்பா?" என்று கேட்டார்.

"வேணாம்ப்பா, உங்களுக்கு லீவு தரமாட்டாங்களே."

"ஆமால்ல. தரமாட்டாங்க" என்று ஒப்புக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

தேர்வு அறையில் நீள மேசை. அந்தப் பக்கம் மதாம், நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. பக்கத்தில் இன்னொரு ஆசிரியர். இந்தப் பக்கம் நான். நடுவில் பாப்பா நின்றாள். அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று ஏற்கெனவே பிரெஞ்சில் அளந்துவிட்டிருந்தாள். பட்டன் எப்படித் தைப்பது என்று மதாம் என்னைக் கேட்க, நான் கை ஊசியையும் மெஷினையும் விளக்கிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

அண்ணன் நின்றார். பக்கத்து வீட்டுக்காரரின் கோட்டு, தோள் ஒரு விரல் தொங்கியது. பையில் பேனா. கக்கத்தில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட பெரிய தாள். பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டியபோது ஓர் ஆர்க்கிடெக்ட் தினமும் இப்படித்தான் தாளைச் சுருட்டிக்கொண்டு வருவார், அண்ணன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுப்பார். அந்த ஆளை அப்படியே உரித்து வைத்திருந்தார். பிறகு நான் பிரித்துப் பார்த்தேன், தாளில் ஒரு கோடுகூட இல்லை.

பாப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. மதாம் சந்தோஷமாக எழுந்து ஏதோ சொன்னார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "உய், மதாம். ழெ சுயி ஆர்ஷிதெக்த்." 'ஆமாம் அம்மா, நான் ஆர்க்கிடெக்ட்' என்று அர்த்தம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கே கற்றுக்கொண்டார் என்று யோசிக்க வேண்டியதில்லை. அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் பாப்பா வருடக்கணக்காகச் சத்தம் போட்டுப் படித்ததெல்லாம் இந்தப் பக்கம் படுத்திருந்தவர் காதில்தானே விழுந்தது. 'மோன் பெர்' என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். 'ஆர்ஷிதெக்த்' என்னவென்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பாப்பா பிறகு எல்லாம் சொன்னபோதுதான் எனக்கு மீதி புரிந்தது: மகள் தன்னை என்னவென்று சொல்லி வைத்திருக்கிறாள் என்று எப்போதோ தெரிந்துகொண்டு, அதுவாகவே வந்து நிற்கிறார். குட்டு உடைந்துவிடக் கூடாதே என்று வந்திருக்கிறார்.

மதாம் கேட்டதைப் பாப்பா தமிழில் சொன்னாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "நீங்க கட்டினதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கட்டடம் எதுன்னு கேக்கறாங்கப்பா."

"இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒண்ணு நம்ம பொறுப்புலதான் இருக்குன்னு சொல்லும்மா. சின்னதுதான். ஆனா ஊரே வந்து போற இடம். தண்ணி தேங்கக் கூடாது, வெளிச்சம் வரணும், கதவு சரியா சாத்தணும். மத்த அலங்காரமெல்லாம் அப்பறம்தான்னு சொல்லு."

பாப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மதாமின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். சரளமாகப் பேசுகிறவள் அன்றைக்குத் திக்கித் திக்கிப் பேசினாள். அப்பா சொன்னதைவிட மும்மடங்கு நீளம். அண்ணன் அவள் வாயையே பார்த்து, நடுநடுவே "உய், உய்" என்று தலையாட்டினார். தன் கட்டடத்தைப் பற்றித்தான் மகள் அத்தனை அழகாக எடுத்துச் சொல்கிறாள் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் உண்மையில் சொன்னது இது என்று பிறகு அவளே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என் அப்பா ஆர்க்கிடெக்ட் இல்லை. முதல் பாடத்திலிருந்து நான் பொய் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் மக்கள் போகிற அந்த இடத்தைக் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கும் மனிதர். அதற்கு என்ன சொல் என்று நான் தேடவே இல்லை. என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

மதாம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பாப்பாவிடம் கொஞ்சம் கடுமையாகவே ஏதோ சொன்னார். வந்தவர் சொன்னதைத்தான் மொழிபெயர்ப்பவர் சொல்ல வேண்டும், நீ அதைச் செய்யவில்லை, மதிப்பெண் குறையும் என்றாராம். பிறகு அண்ணனைப் பார்த்து நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க வேலைல எதுப்பா கஷ்டம்னு கேக்கறாங்க."

அண்ணன் யோசித்தார். "நல்லா இருக்கற வரைக்கும் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு நாள் கெட்டாதான் சத்தம் போடுவாங்க. அதான்."

இதைப் பாப்பா சொல் மாறாமல் மொழிபெயர்த்தாள். மதாம் எழுந்து மேசையைச் சுற்றி வந்து கையை நீட்டினார். அண்ணன் தன் கையை அவசரமாகக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். மதாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. சுருட்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

"எப்படி? சமாளிச்சிட்டேன்ல?"

"சமாளிச்சிட்டீங்கப்பா."

"உனக்கு ஒண்ணும் தலைகுனிவு இல்லையே பாப்பா?"

"இல்லப்பா."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன மரியாதையாக் கையப் பிடிச்சாங்க பாத்தியா அந்தம்மா! இத்தன வருசத்துல யாரும் அப்படிப் பிடிச்சதில்ல. ஆர்க்கிடெக்ட்னா சும்மாவா?"

"ஆமாப்பா" என்றாள் பாப்பா.