கரமனை ஆறு முதலில் கேட்ட கனவு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரில் பாதிப் பேருக்கு, எங்கள் அண்ணா என்ன வைத்தியம் செய்தார் என்பது இன்றும் தெரியாது. முதலாண்டுத் திதியான வருஷாப்திக்கு வந்த இடத்திலாவது தெரிந்துகொள்ளட்டும்.

அண்ணா ஆற்றங்கரை ஊரான கரமனையில் பிறந்தார். அப்பாவைச் சிறுவயதிலேயே இழந்து, உபகாரச் சம்பளத்தில் சென்னையில் டாக்டருக்குப் படித்து, கப்பலேறி சூரிச் நகரம் போனார். நோயாளியின் கனவுகளைக் கேட்டு, அவற்றின் வழியே மனத்தின் அடியாழத்தைத் தொடுகிற வைத்தியத்தை அங்கே கற்றார். கற்பிக்குமுன் அவருடைய கனவுகளையே மாதக்கணக்கில் சொல்ல வைத்தார்களாம். திரும்பியதும், கடல் கடந்த தோஷத்துக்கு நம்மவர்கள் பிராயச்சித்தம் செய்துவைத்தார்கள். செய்துவைத்தவர்களே பிறகு தம் கனவுகளுடன் பின்வாசல் வழியே வந்தார்கள்.

அவருடைய முதல் நோயாளியை நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த நாஞ்சில் நாட்டுப் பிள்ளை அவர். தூக்கம் போய், பேச்சும் அருகிவிட்டது. தம்பிமார் அவரை அறையில் பூட்டிவைத்து, பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மனுப் போட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு டாக்டர்களின் சான்று வேண்டும். ஒருவர் எழுதிவிட்டார்; அண்ணா கையெழுத்திட்டால் முடிந்தது. விதிகளில் கனவு கேட்க இடமே இல்லை என்று, சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தனான நான் எடுத்துச் சொன்னேன். அண்ணா காதில் வாங்கவில்லை.

சூரிச் முறைப்படி, ஒரு சொல்லைச் சொல்லி, உடனே மனத்தில் தோன்றுவதைச் சொல்லச் சொன்னார். "அரிசி" என்றதும் "மண்டி" என்றார் பிள்ளை. "கரமனை" என்றதும் வாயடைத்துப் போனார். பிறகு அறைக் கதவைக் கைகாட்டினார்.

"கெட்ட சொப்பனத்த முதல்ல ஆத்துத் தண்ணிட்டதான் சொல்லணும், சாமி. மனுசன்ட்ட சொன்னா பலிச்சிரும்லா. இவனுவ என்னைய வெளிய விட்டாத்தானே?"

அண்ணா துள்ளி எழுந்தார். எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்வார். சூரிச் போய்வந்ததில் அண்ணா அதை மறந்திருந்தார்.

"எழுந்திருங்கோ பிள்ளைவாள். ஆத்துலயே போய்ச் சொல்லுங்கோ. நான் காத்துண்டிருக்கேன்."

குதித்துவிட்டால் யார் பொறுப்பு என்று தம்பிமார் கூடவே ஓடிவந்தார்கள். யார் பொறுப்பு, எந்தச் சட்டப்படி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் நானும் பின்னாலேயே ஓடினேன். அண்ணாவோ பிள்ளையை இடுப்பளவு நீரில் விட்டுவிட்டு, ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். பிறர் கனவை ஒட்டுக்கேட்கலாமா? பிள்ளை தண்ணீரிடம் நெடுநேரம் முணுமுணுத்தார். பிறகு மூழ்கினார். தலை தெரியவில்லை. ஒரு தம்பி வேட்டியை வரிந்து கட்டிவிட்டார். அப்போதுதான் பிள்ளை நீர் சொட்ட எழுந்து வந்தார்.

"சாமி, இனி உங்ககிட்டயும் சொல்லலாம்."

அண்ணா கையெழுத்திடவில்லை. சில மாதச் சிகிச்சைக்குப் பின் பிள்ளை மண்டிக்குத் திரும்பினார். அது என்ன கனவு என்று நான் எவ்வளவோ நயமாகக் கேட்டும், அண்ணா கடைசிவரை சொல்லவில்லை.

சென்ற ஆண்டு படுக்கையில் கிடந்த அண்ணா, ஒரு நாள் காலை கண் விழித்ததிலிருந்து யாரிடமும் பேச மறுத்தார். பார்க்க வந்த பிள்ளை எதுவும் கேட்காமல் போய், ஒரு செம்பில் ஆற்றுநீர் கொண்டுவந்து அவர் வாயருகே பிடித்தார். அண்ணாவின் உதடுகள் அசைந்தன. நான் முதுகு காட்டித் திரும்பி நின்றேன். அந்த நீரைப் பிள்ளையே திரும்பக் கொண்டுபோய் ஆற்றில் விட்டார்.

வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும், தோள் கொடுத்த தெருவாருக்கும், பிள்ளைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணாவின் கடைசிக் கனவைக் கேட்டுக்கொண்ட கரமனை ஆற்றுக்கும்.