மலையில் அப்பா என்ன தின்றார்

அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திய பிறகு, அவருடைய வாய் இரண்டு ஆள் வேலை பார்க்க ஆரம்பித்தது. வாரத்தில் இரண்டு நாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். கூட்டிக்கொண்டு போவது நான். வடக்கனந்தலில் பஸ் ஏறியதிலிருந்து ஒவ்வொரு டீக்கடையையும் எட்டிப் பார்த்து, அங்கே போடும் வடையைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வருவார். சாகக் கிடக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். தண்ணீர் அளவோடு குடிக்க வேண்டும். இளநீர் கூடாது. வாழைப்பழம், பலாப்பழம் பக்கமே போகக்கூடாது. அதிலெல்லாம் இருக்கும் பொட்டாசியம் என்கிற உப்பு ரத்தத்தில் ஏறினால் முதலில் கை கால் ஓய்ந்துபோகும், அதற்கு மேலே ஏறினால் நெஞ்சு நின்றுவிடும்.

“நின்னுடும்னா, கொஞ்ச நேரத்துக்குங்களா?” என்று அப்பா கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

நானும் என் வீட்டுக்காரரும் அம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தோம். அன்றிலிருந்து அப்பாவின் சாப்பாட்டை நான் கையில் எடுத்துக்கொண்டேன். காயை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் வேகவைத்து, அதையும் கொட்டிவிட்டு அப்புறம்தான் குழம்பு. உப்பு பேருக்கு. ருசி முழுவதும் சாக்கடையோடு போய்விடும்.

“நம்ம சாக்கடை குடுத்து வச்சது” என்பார் அப்பா. என்னை ஜெயிலரம்மா என்றுதான் கூப்பிடுவார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, “ஜெயிலரம்மா இன்னிக்கு சொரக்காய சாவடிச்சி வச்சிக்கீறாங்க, வந்து பாரு” என்பார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். நல்லது செய்கிறவளுக்கு இந்த வீட்டில் எப்போது நல்ல பேர் கிடைத்திருக்கிறது?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அண்ணன் லீவுக்கு வந்திருந்தான். அப்பாவை ஒரு நாள் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவனுக்குப் பாசம் மொத்தமாக வந்து இறங்கும். என் வீட்டுக்காரர் சொந்தமாக வேன் ஓட்டுகிறவர். வெள்ளிமலைக்குப் போய், கோயிலில் கும்பிட்டு, அருவியைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று முடிவானது. மறுநாள் காலையில் அப்பாவுக்கு மிஷின். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் பேச்சை யார் கேட்டார்கள்?

போகும்போது கச்சிராயபாளையத்தில் டயரைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். அப்பாவும் கூடவே இறங்கினார். டயரைப் பற்றி அப்பாவுக்கு என்ன தெரியும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கோயிலில் அம்மா அவரைச் சந்நிதிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் வெகுநேரம் கும்பிட வைத்தாள். அருவிக்கரையில் அண்ணன், “அப்பாவுக்குக் காத்தாட நடக்கணுமாம்” என்று வழியோரம் பலாப்பழம் குவித்து வைத்திருந்த பக்கமாக நடத்திக்கொண்டு போனான். நான் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயிலரும் ஒரு நாள் அருவி பார்க்கக்கூடாதா?

மத்தியானம் நான் கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் போட்டேன். அப்பா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு, “நல்லாக்கீதும்மா” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாராட்டு கிடைத்தால் மனுஷிக்குப் புத்தி மழுங்கிவிடுகிறது.

சாயங்காலம் மலை இறங்கினோம். அப்பா முன் சீட்டில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று வளைவு தாண்டியிருப்போம்.

“பாப்பா, செருப்பு கயண்டுச்சி. மாட்ட முடியல.”

“குனிஞ்சி மாட்டுப்பா.”

“காலு வரமாட்டேங்குது.”

வழக்கமான கிண்டல் என்றுதான் நினைத்தேன். ஆனால் குரல் மெலிந்து போயிருந்தது. பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். காலைத் தூக்கப் பார்க்கிறார், அது மரக்கட்டை மாதிரி அப்படியே கிடக்கிறது. மூச்சு வேறு மேலேயும் கீழேயும் வாங்கியது. 

“ப்பா, இன்னா துன்ன?”

“ஒண்ணும் துன்னல. ஒன் கருமாந்திரம் புடிச்ச சோத்தத்தான் துன்னேன்.”

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான், அம்மா மடியைப் பார்த்தாள். அடுத்த வளைவில் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

“ஒரே ஒரு எளநிதான். கச்சிராயபாளையத்துல. மாமா ஆசையா கேட்டாரு. அவகிட்ட சொல்லாத மாப்ளன்னாரு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், “எளநி வேறயா?” என்று கத்தினான்.

“வேறயான்னா? நீ இன்னா குடுத்த?” என்று அவன் பக்கம் திரும்பினேன்.

“ரெண்டு சொள. பலாச்சொள.”

“நெசமா ரெண்டா?”

“ஜாஸ்தி இருக்கும். மீதி பாதிப் பயம் சீட்டுக்குக் கீழ கீது. கேட்டுக்கினே இருந்தாரு. ஒரு வாயிதானேன்னு குடுத்தேன்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் நிமிரவே இல்லை.

“நான் ஒண்ணும் கடையில வாங்கித் தரல. சாமிக்குப் படைச்ச வாயப்பயம். சாமி பயம் ஒண்ணும் பண்ணாதுடி.” இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு மற்றவர்கள் சொன்னது உறைத்திருக்க வேண்டும். முன் சீட்டைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “எங்கிட்ட மட்டுந்தான் கேட்டீங்கன்னு நெனச்சேன். ஒன்னவிட்டா எனக்கு ஆரு கீறான்னு சொன்னீங்களே!”

“எங்கிட்டயும் அதத்தான் சொன்னாரு” என்றான் அண்ணன்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் காரணமில்லாமல் ஹாரனை அடித்தார். அவரிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று அவர் காது சிவந்ததில் தெரிந்தது. அம்மா அழ ஆரம்பித்தாள். புருஷன் பிழைப்பானா என்கிற அழுகை பாதி, புருஷன் ஏமாற்றிவிட்டான் என்கிற அழுகை பாதி. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கு ஒருத்தர் ஆசையாக ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை. வாயில் எதையாவது ஊட்டிவிட்டால் சொன்ன மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்து அப்பாவிடம் அளவில்லாமல் சொல்லிவிட்டார்கள்.

வடக்கனந்தல் வந்தது. எங்கள் தெரு முனை தெரிந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வூட்டாண்ட ஒரு நிமிசம் நிறுத்துங்க. கோயிலுக்குப் போயிட்டு வூட்டுல காலு வைக்காம வேற எங்கயும் போவக்கூடாது” என்றாள்.

எங்கள் பக்கத்தில் அது உண்மைதான். கோயிலிலிருந்து நேராக வீட்டுக்குத்தான் வர வேண்டும். அருவி கணக்கில் வராது, ஆனால் நடுவில் வேறு எந்த வாசலிலாவது நுழைந்தால் கும்பிட்டதெல்லாம் அங்கேயே போய்விடும் என்பார்கள். என் வீட்டுக்காரரின் கால் பிரேக்குக்குப் போனது. மாமியார் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத மனுஷர்.

“நிறுத்தினா நான் அப்பாவ தூக்கிக்கினு எறங்கி நடந்துடுவேன்” என்று கத்தினேன். “நாமளா போறோம்? சாமிதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவுது. அது குடுத்த வாயப்பயந்தான!”

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முன் சீட்டில் அப்பாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை, ஆனாலும் தோள் குலுங்கியது. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி வேன் போனது. காலையில் நான் போட்ட கோலத்தைக் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா செத்துவிட்டால் இந்த மூன்று பேரையும் எப்படி மன்னிக்கப்போகிறேன் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், உடனே மிஷினில் ஏற்றினார்கள். டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். இளநீர், பலா, வாழைப்பழம் என்று நான் வரிசையாகச் சொன்னேன்.

“குடும்பமே சேந்து பண்ணீங்களா?” என்றார் அவர். இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தால் என்று ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் மூன்று குற்றவாளிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். எனக்குப் பயம்தான். ஆனால் பயத்துக்கு நடுவில் இன்னொன்றும் அரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமை. மாப்பிள்ளையிடம் கேட்டார், மகனிடம் கேட்டார், பெண்டாட்டியிடம் கேட்டார். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அலைகிறவளிடம், காயை இரண்டு தரம் வேகவைக்கிறவளிடம் மட்டும் கேட்கவில்லை. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று பொய்க்காவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

விடிந்ததும் ஒருத்தர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்கள். நான் யாரையும் கேட்காமல் போனேன். அப்பா காலை ஆட்டிக் காட்டினார், நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு இருக்கிற பெருமையோடு.

“பாதி பலாப்பயம் வண்டியிலேயே கெடக்குதே, கெட்டுப்போவாதா?” என்றார்.

“வாய மூடுப்பா.” கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன், கேட்டுவிட்டேன். “எல்லார்கிட்டயும் கேட்டியே. எங்கிட்ட ஏன் கேக்கல?”

“ஜெயிலராண்டயா?”

“வெளையாடாத. சொல்லு.”

அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, கிண்டல் இல்லாத குரலில், “கேட்டா நீ குடுத்துடுவம்மா” என்றார். “நீயும் குடுத்துட்டா, அப்பறம் என்னிய ஆரு பாத்துப்பா?”

“நான் ஒண்ணும் குடுத்திருக்கமாட்டேன்” என்று கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார், நான் சொன்னது பொய் என்று என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.