ட்ரம்ஸ் மைக்கில் மிஞ்சிய குரல்

எங்கள் பேண்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் பாடினவனைப் பற்றித்தான் கேட்பார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ட்ரம்ஸ் அடிக்கிறவனை எந்த ஊரில் ஆள் என்று மதித்திருக்கிறார்கள்? நாலு பேரில் சத்தம் கூடினவன் நான்தான், பேச்சுக்கு எடுபடாதவனும் நான்தான்.

தன்னாமுனையில் கிற்றார்காரனின் மாமாவுக்கு ஒரு அரிசி மில் பூட்டிக் கிடந்தது, அதில்தான் வாசித்துப் பழகினோம். பின்கதவைத் திறந்தால் வாவி. உள்ளே ஒரு தட்டுத் தட்டினால் நாலு சுவரும் திருப்பித் தட்டும். எதிரொலியை அடக்க, அங்கேயே குவிந்து கிடந்த உமியைச் சாக்குகளில் அடைத்துச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டோம். சாக்குக்குள் எலி குடிவந்தது. நெடுநாளாய் எங்களை இருந்து கேட்ட கூட்டம் அதுதான்.

முதல் மேடை ஒரு விளையாட்டுக் கழக விழா. நாங்களே கட்டின பாட்டுகளை வாசித்தோம். சனம் சினிமாப் பாட்டுக் கேட்டுக் கூச்சல் போட்டது. யாரோ ஒரு புண்ணியவான் வயரைப் பிடுங்கிவிட்டான். கிற்றார்கள் செத்துப்போயின, ஆனால் பாடினவன் நிறுத்தவில்லை. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடி முடித்தான். கூச்சல் போட்டவர்களே வாயை மூடிக்கொண்டார்கள்.

அவன் எந்த வாத்தியாரிடமும் பாட்டுப் படித்தவன் இல்லை. கரடியனாற்றுக்கு அங்கால் அவர்களுக்கு வயல் இருந்தது. கதிர் முற்றினால் யானை இறங்கும். இரவெல்லாம் பரணில் இருந்து தகரம் அடித்து, கத்தி விரட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்து அந்த வயல்வட்டையில் கத்திக் கத்தி உரமேறின தொண்டை அது.

அவனுடைய அம்மாவுக்கு எங்கள் தொழில் கண்ணில் காட்டக்கூடாது. "பேய் விரட்டுற மாதிரிக் கத்துறதும் ஒரு பாட்டாடா?" என்பா. அவனும் ரோசக்காரன். வீட்டில் ஒரு வரி முணுமுணுக்க மாட்டான். "எல்லாம் முடியட்டும் அம்மா, மறுகா கேளுங்க" என்பதோடு சரி.

முதல் பாட்டை ஒலிப்பதிவு செய்தது ஒரு தை மாதம். கிற்றார்காரன் இரவல் மைக்குகளும் தன் லெப்டொப்பும் கொண்டுவந்தான். இந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. பாடுகிறவன் முதலில் ஒப்புக்குப் பாடுவான். அதைக் கேட்டு மற்றவர்கள் வாசிப்பார்கள். பிறகு ஒப்புக்குப் பாடினதை அழித்துவிட்டு, அவன் நிதானமாகத் திரும்பப் பாடுவான். எங்களுக்கு இருந்ததோ ஒரே மண்டபம். அவன் உமிச்சாக்கு மறைப்புக்குப் பின்னால் நின்று பாடினான், நான் இந்தப் பக்கம் அடித்தேன். இரவு வயல் காவலில் இருந்து நேரே வந்தவன், தொண்டை கரகரத்துப் போயிருந்தது. போட்டுக் கேட்டதும் முகம் சுளித்தான்.

"இத இப்பவே அழி. காகம் கத்தின மாதிரிக் கிடக்கு. வெள்ளாமை வெட்டி முடியட்டும், தொண்டை ஆறினாப்போல வந்து ஒழுங்காப் பாடுறன்."

கிற்றார்காரன் அவன் கண் முன்னாலேயே அழித்தான். யார்தான் அழிக்காமல் இருப்பார்கள்?

வெள்ளாமை வெட்டுமுன் யானை அவனை அடித்துவிட்டது. பக்கத்துப் பரணில் இருந்தவர்களுக்குத் தகரச் சத்தமும் அவன் கத்தினதும் கேட்டிருக்கிறது. தினமும் கேட்கிற சத்தம்தானே, விரட்டுகிறான் என்று இருந்துவிட்டார்கள். விடிந்துதான் போய்ப் பார்த்தார்கள். செத்தவீட்டில் பெட்டியைத் திறக்கவில்லை. கோபப்பட எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஒருவரும் கிடைக்கவில்லை, அந்தக் கோபம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து, சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது அவனுடைய அம்மா என்னிடமும் கிற்றார்காரனிடமும் வந்தா.

"முடிஞ்சாப்போல கேக்கலாம் எண்டவன். அந்தப் பாட்டு முடிஞ்சிதா மனே?"

 "எடுத்துக்கொண்டு வாறம் அம்மா" என்று கிற்றார்காரன் சொல்லிவிட்டான். எங்கே இருந்து எடுப்பது? மேடையில் ஆட்கள் போனில் பிடித்த துண்டுகளைக் கேட்டுப் பார்த்தோம். பாடுவது அவனா நாயா என்று தெரியாத இரைச்சல். பிறகு கிற்றார்காரன் என் ட்ரம்ஸ் பதிவுகளை ஒவ்வொன்றாய்த் திறந்தான். எனக்கு மேலே தொங்கின மைக்கில், அடிக்கும் அடிக்கும் இடையில், பாடினவனின் குரல் விழுந்திருந்தது. சாக்குகளையும் தாண்டி வந்திருக்கிறது அந்தத் தொண்டை. என் அடியைக் கழற்றப் பார்த்தோம். அதைக் குறைக்கக் குறைக்கக் குரலும் சேர்ந்து கரைந்தது.

"கொஞ்சம் மெள்ள அடிச்சிருந்தா என்னடா உனக்கு?" என்று கத்தினான் கிற்றார்காரன். கத்திவிட்டு அவனே அழுதான்.

இருந்தபடியே கொண்டுபோனோம். அம்மா கதிரையில் இருந்தா, நான் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். கிற்றார்காரன் ஹெட்போனை அவவின் காதில் மாட்டிவிட்டான்.  பிறகு அவவின் முகம் மாறியது. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, தனக்குக் கேட்காததால் எங்களுக்கும் கேட்காது என்பதுபோல் உரக்கக் கேட்டா.

"இதென்ன, தகரம் அடிக்கிற சத்தமா?"

கிற்றார்காரன் வாசலைப் பார்த்தான். 

"ஆரு அடிக்கிற? ஒருக்கா நிப்பாட்டச் சொல்லு மனே. என்ட புள்ள கத்திறான், என்ன சொல்றான் எண்டு கேக்குதில்ல."

என் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அவவின் காதுக்குள் நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.