பஞ்சாயுதத்தைக் காணன்

எங்கடை கடைக்குட்டி பிறந்து முப்பத்தொண்டாம் நாள், துடக்குக் கழிஞ்ச அன்று, என்ரை மனுசன்ரை தமக்கை, எனக்கு மச்சாள், பஞ்சாயுதம் கட்டிவிட்டவ. சங்கு, சக்கரம் எல்லாம் பொறிச்ச, சுண்டுவிரல் நகமளவு பொன் பதக்கம். பேய் பிசாசு அண்டாதாம். பல்லு முளைக்கத் தொடங்கினதிலை இருந்து பெட்டைக்கு அதைச் சப்பாமல் இருக்கேலாது. நான் வாயிலை இருந்து இழுத்து இழுத்துக் களைச்சுப்போனன். "சப்பட்டும் விடு, பொன்தானே" என்பா மச்சாள்.

ஒருநாள் மத்தியானம் நான் கத்தரிக்காய் அரிஞ்சுகொண்டிருக்க, அடுக்களை வாசலிலை இருந்து கெக்கட்டம் விட்டுச் சிரிச்சவள் சட்டென்று இருமினாள். அடுத்த மூச்சை உள்ளே இழுக்க, தொண்டையிலை கீச்சென்று ஒரு சத்தம். உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அழ வாயைத் திறந்தாள், அழுகை வரேல்லை. கத்தியைப் போட்டிட்டு ஓடிப்போய்த் தூக்கினன்.

"மூத்தவன்ரை கக்குவான் இருமல் தொத்திப்போட்டுது" என்று மனுசன் ஆசுபத்திரிக்குப் போக வண்டில் பூட்ட ஓடினார்.

"இது நாவூறு! பஞ்சாயுதம் போட்டிருந்தும் பட்டிட்டுதே!" என்று மச்சாள் நாவூறு கழிக்கச் செத்தல் மிளகாய் எடுக்க ஓடினா.

கக்குவானை எனக்குத் தெரியாதே? மூத்தவனோடை கிடந்து மாரடிச்சவள் நான். அது தடிமனாய்த் தொடங்கி நாள்கணக்காய் முத்தும். இவளுக்கு மூக்கிலை சளியில்லை, உடம்பிலை சூடில்லை, இப்பதானே சிரிச்சவள்! அப்ப தொண்டையிலை ஏதோ நிக்குது. என்னத்தை எடுத்தவள்? நிலத்திலை ஒண்டும் இல்லை. மச்சாள் சொன்ன சொல்லோடை கழுத்தைப் பாத்தன். சங்கிலி கிடக்குது, பஞ்சாயுதத்தைக் காணன்.

பிள்ளையை மடியிலை குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகிலை ஓங்கி அடிச்சன்.

"ஐயோ, கொல்லப்போறியே!" என்று மிளகாயோடை வந்த மச்சாள் கத்தினா. நான் இன்னும் பலமாய் அடிச்சன். பொன் வாயாலை வந்து நிலத்திலை விழுந்து உருண்டுது. பிறகு வந்துதே ஒரு அழுகை!

மச்சாள் பதக்கத்தைக் கழுவிக் கண்ணிலை ஒத்தினா. வளையம் தேஞ்சு அறுந்திருந்தது. "பாத்தியே, பஞ்சாயுதம்தான் பிள்ளையைக் காப்பாத்தினது" என்றா. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எடுத்த மிளகாயையும் வீணாக்காமல் பிள்ளையைச் சுத்தி அடுப்பிலை போட்டா. எல்லாரும் செருமினம்.

வண்டிலைப் பூட்டிக்கொண்டு வந்த மனுசன் வாசலிலையே நிண்டுவிட்டார். பிள்ளை ஊர் கேட்கக் கத்துது. அவள் சிணுங்கினாலே "உந்த வாயை ஒருக்கா மூடப்பண்ணும்" என்று சீறிற மனுசன். அதுக்காகத்தான் நான் அவசரமாய்ப் பால் கொடுக்கத் தூக்கினன்.

"பொறும்" என்றார், கண்ணைத் துடைச்சுக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் அழட்டும்."