பாறை வெளுத்த கோடை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இப்போது மறதி வேறு. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தணியில் மலைக்குப் பின்பக்கத் தெருவில் தனியாக இருக்கிறேன். அவர் போன பிறகு எனக்கு என்று இருப்பது ஒரே மகள். அவள் ராமேஸ்வரம் பக்கம் ஒரு மீனவர் ஊரில் தங்கி, கடலுக்கடியில் அழிந்துபோன பவளப்பாறையைத் திரும்ப வளர்க்கிற வேலை செய்கிறாள். பாறை எப்படி வளரும் என்று கேட்டேன். அது பாறை இல்லை, உயிர் என்றாள்.

போன தை மாதம் என்னை அங்கே அழைத்துப்போய்க் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டாள். கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை. ஊர்ப் பெண்கள் அதில் உட்கார்ந்து, கடல் தண்ணீர்த் தொட்டியிலிருந்து விரல் நீளப் பவளத் துண்டுகளை எடுத்து சிமெண்ட் பலகையில் கட்டுவார்கள். காய்வதற்குள் மறுபடி தண்ணீரில் போட்டுவிட வேண்டும். ஆண்கள் அதைப் படகில் கொண்டுபோவார்கள். என் மகளும் இன்னும் சிலரும் முங்கி அடியில் வைப்பார்கள். இவர்களுடைய அப்பாக்கள் காலத்தில் இதே பவளத்தைச் சுண்ணாம்புக்கு வெட்டி விற்றார்களாம். இப்போது அந்த இடத்தில் நங்கூரம் போடுவதில்லை, வலை விடுவதில்லை என்று ஊரே கூடிப் பேசி வைத்திருக்கிறது.

நானும் ஓரமாக உட்கார்ந்து கட்டினேன். பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, மல்லியப்பூவா கட்டுறீக? இறுக்குங்க. நீரோட்டத்துல பிச்சுக்கிட்டுப் போயிரும்."

"உயிருன்றாங்களே, வலிக்காதா?" என்றேன்.

"வலிச்சா கத்தும்ல!"

கொட்டகையே சிரித்தது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஆனால் அவர் போன பிறகு அத்தனை பேர் நடுவில் நான் உட்கார்ந்தது அப்போதுதான். ஊருக்குத் திரும்பினால் காலையில் வைத்த குழம்புதான் ராத்திரிக்கும். பேசுவதற்கு போன் அடித்தால்தான் உண்டு.

சித்திரையில் ஒருநாள் அடித்தது.

"அம்மா, கடலு ரொம்ப சூடாயிடுச்சும்மா. நட்டதெல்லாம் வெள்ளையா வெளுத்துகினு வருது."

"செத்துப்போச்சா?"

"இன்னும் இல்ல. வெயிலு இப்படியே இருந்தா போயிடும். போச்சுன்னா இந்த வேலையும் இல்ல. மூட்டைய கட்டிகினு உன்கிட்டயே வந்துட்றேன்."

அழுதாள். அழாதம்மா என்றேன். ஆனால் உள்ளே எனக்கு சந்தோஷம் பொங்கியது. மறுநாளே அவள் மெத்தையை மாடியில் வெயிலில் போட்டேன்.

"இன்னாக்கா, பொண்ணு வருதா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆங், வந்தாலும் வரும்."

கிருத்திகைக்கு மலை ஏறினேன். முருகன் முன்னால் நின்றேன். பவளம் பிழைக்க வேண்டும் என்று கேட்டால் மகள் வரமாட்டாள். சாக வேண்டும் என்று எப்படிக் கேட்பது? அந்தப் பெண்கள் முகமெல்லாம் கண்ணுக்கு வந்தது. ஒன்றும் கேட்காமல் விபூதியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை அன்று தெருவெல்லாம் காவடி. அந்தச் சத்தத்தில் போன் வந்தது.

"அம்மா, காத்து மாறி தண்ணி குளுந்துடுச்சு. பாதிக்கு மேல கலர் திரும்பிகிச்சும்மா! கேக்குதா?"

"கேக்குதும்மா."

"இனிமே வேலை ஜாஸ்தி. தீபாவளிக்கு முடிஞ்சா வர்றேன்."

"ஆங், நல்லதும்மா" என்றேன். கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

கடலைப் பற்றி எழுதியதெல்லாம் அங்கே பார்த்தும் போனில் கேட்டும் எனக்குப் புரிந்த மட்டும்தான். வெளுத்த பவளம் எத்தனை நாள் தாங்கும், எந்தக் காற்றில் தண்ணீர் குளிரும் என்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். மகளிடம் காட்டினால் சரியாகச் சொல்லிவிடுவாள். ஆனால் இதை அவள் படிக்க வேண்டாம். கடல் தெரிந்தவர்கள் வேறு யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.